ராட்டாந்தூரியும் நிழற்படமும்



ஊஞ்சலைத் தூரி என்று சொல்வது கொங்கு நாட்டு வழக்கு. திருவிழாக் காலங்களில் தொட்டில்களைத் தாங்கிச் சுழலும் ராட்டினத்தை ராட்டாந்தூரி என்போம். எங்கள் சென்னிமலையில் தைப்பூசத் தேர்த் திருவிழா வந்துவிட்டால், மலைமீது முருகனைத் தரிசித்துப் படியிறங்கி வரும் குழந்தைகளின் கண் அடுத்தபடியாகத் தேடுவது இந்த ராட்டாந்தூரியைத்தான். இப்போது அதைத் தேடி மற்றொரு கூட்டமும் வருகின்றது. முக்காலியும் காமிராவும் தாங்கி வரும் இளைஞர் கூட்டம் அது.

இவர்கள் எடுக்கும் படங்கள் விந்தையானவை. அவற்றில் ராட்டினம் இராது. ஒளியால் வரைந்த வட்டங்களே இருக்கும். இது மாயமன்று, எளிய கணக்கே. பகலில் எடுக்கும் படத்திற்குக் காமிராவின் கதவு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரமே திறந்திருக்கும். இரவில் அதனை எட்டு அல்லது பத்து வினாடி திறந்து வைக்கிறார்கள். ஒளி மிகுந்து படம் வெளுத்துவிடாதபடி உள்ளிருக்கும் துளையைச் சிறிதாக்குகிறார்கள். ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்ற எட்டு வினாடி ஆகுமானால், எட்டு வினாடியில் வட்டம் நிறைவுபெறும். நான்கு வினாடியில் ஒவ்வொரு விளக்கும் அரைவட்டமே வரையும். முக்காலி அசையாதிருப்பது முதல் இலக்கணம்.

நெசவாளர் ஊரில் இதை விளக்குவது எளிது. தறியில் பாவு நிற்கிறது, ஊடை ஓடுகிறது. நிற்பதும் ஓடுவதும் சேர்ந்தே துணியாகிறது. இப்படத்தில் மலையும் கோயில் விளக்குகளும் பாவு. ராட்டினத்து விளக்குகள் ஊடை.

கண் காணாத உண்மைகளையும் இப்படம் காட்டும். பழைய மின்குமிழ் முறியாத கோடாக விழும். இன்றைய எல்.ஈ.டி. விளக்குகளில் சில, விட்டு விட்டு வரும் புள்ளிக்கோடாக விழும். நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது முறை அலைவது. அத்தகைய விளக்கு வினாடிக்கு நூறு முறை மின்னி அணைகிறது. பத்து மீட்டர் குறுக்களவுள்ள ராட்டினம் பத்து வினாடியில் ஒரு சுற்று வந்தால், அதன் விளிம்பு வினாடிக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர் ஓடும். ஆகவே மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. உயர்நிலைப் பள்ளி மாணவன் தாளில் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது.

இனி, வழக்குக்கு வருகின்றேன். என்னிடம் பயின்ற ஓர் இளைஞர் கையால் சுற்றும் சிறு ராட்டாந்தூரி ஒன்றைப் படம் எடுத்தார். ஒளி வட்டம் அழகாக விழுந்தது. ஆனால் தொட்டில்களைப் பற்றித் தள்ளிச் சுற்றிய தொழிலாளி படத்தில் இல்லை! உடனே அரை நொடிக்கும் குறைவான மற்றொரு படம் எடுத்தார். அதில் அம்மனிதர் தெளிவாக விழுந்தார். இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தார். ஒரு கண்காட்சியில் அதனை, “ஒட்டுப் படம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நியாயம் எது என்று அவர் என்னைக் கேட்டார்.

தொழிலாளி மறைந்த காரணத்தை முதலில் ஆராய்வோம். விளக்கு ஓடினாலும் ஒளி மிக்கது. போகும் வழியெல்லாம் தடம் பதிக்கும். மனிதர் இருளில் நிற்பவர், ஓயாது அசைபவர். எந்த ஓரிடத்திலும் பதிவாகும் அளவு அவர் தங்குவதில்லை. இது புதிய செய்தியுமன்று. 1838ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைத் தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் படம் பிடித்தார். பல நிமிடம் ஒளியேற்ற வேண்டிய காலம் அது. வண்டியும் மக்களும் நிறைந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவரும், மெருகேற்றியவருமே பதிந்திருக்கிறார்கள். நடந்தவர்களெல்லாம் காற்றாய்ப் போனார்கள். திருத்தாத படம் என்பதனாலேயே அது முழு உண்மையாகிவிடுமா?

திருத்துவதும் கணினியோடு பிறந்த குற்றமன்று. ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருள் வெளிவந்தது 1990ஆம் ஆண்டில். அதற்கு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, 1858ஆம் ஆண்டில், லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் எடுத்தார். அக்காலத்து மறுநிலைத் தாளிலிருந்து எடுத்த படத்தில் வானம் வெறும் வெள்ளையாக விழும். ஆதலால் அவர் மறுநிலைத் தாளின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையைப் பல படங்களாக எடுத்து, ஒட்டி, பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே படமாகவும் ஆக்கினார். இவ்விரண்டும் ஒரே தரமா? மேகம் அங்கே அப்போது இருந்ததற்குச் சான்றில்லை. கல்வெட்டோ கல்லில் உள்ளபடியே இருக்கிறது. முன்னது அலங்காரம், பின்னது ஆவணம்.

இதே உரைகல்லில் இன்றைய படங்களையும் உரைத்துப் பார்க்கலாம். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. மலைக்குப் பின்னே தேர்ச்சக்கரம் அளவு நிலாவை ஒட்டி வைத்த படங்களைக் காண்கிறோம். வானத்தில் நிலாவின் அகலம் அரைப் பாகை அளவே. திருவிழாத் திடல் முழுதும் அடங்கிய படத்தில் அது சிறு பொட்டாகத்தான் விழும். பெரிய நிலா அங்கே இல்லாதது. தள்ளிய தொழிலாளி அங்கே இருந்தவர். இல்லாததைச் சேர்ப்பது ஒன்று. இருந்து மறைந்ததை மீட்பது வேறொன்று. என் மாணவர் செய்தது இரண்டாவது.

எனினும் கண்காட்சியார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒரே நொடியின் பதிவு என்று நம்பிப் பார்ப்பவரிடம் இரண்டு நொடிகளை ஒன்றாகக் காட்டுவது சரியன்று. இதற்குப் பரிகாரம் எளிது. படத்தின் அடியில், “எட்டு வினாடிப் படமும், கணப்பொழுதுப் படமும் இணைந்தது” என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். மறைவு நீங்கினால் குற்றமும் நீங்கும். வெறும் அழகுக்காக வண்ணத்தை மாற்றுவோரும், வட்டத்தைப் பூவாக வளைப்போரும் அவ்வாறே எழுதிவிடட்டும். கற்பனை தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொள்ளும்வரை அது கலையே.

இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன். ஒளி தானே தன் தடத்தை எழுதிக்கொள்ளும். அதற்கு உங்கள் உதவி வேண்டுவதில்லை. இருளில் நின்று அந்தச் சக்கரத்தைச் சுற்றும் கைகளுக்கே உங்கள் உதவி வேண்டும். படத்தை முடிக்கும் முன்னர், யார் இதில் விடுபட்டார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.