யாரைக் கேட்டு முடிவெடுக்கிறோம்?

 

வளர்ச்சிசார் குறைபாடுடைய பிள்ளைகளின் பெற்றோர் எங்கே கூடினாலும் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை: "எங்க காலத்துக்கப்புறம் இவனை யாரு பாத்துக்குவாங்க?" 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்தக் கவலைக்குச் செவிகொடுத்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பதினெட்டு வயது கடந்தவருக்கு மாவட்டக் குழு வழியாகப் பாதுகாவலரை நியமிக்க வகைசெய்தது. கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால், அந்தக் கேள்வி பிள்ளையைப் பற்றியதே தவிர, பிள்ளையிடம் கேட்கப்பட்டது அல்ல. இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு குறையைப் பற்றித்தான்.

2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சண்டிகர் வழக்கைச் சட்ட மாணவர்கள் அறிவார்கள். பெற்றோர் இல்லாத ஓர் இளம்பெண். லேசான அறிவுசார் குறைபாடு. அரசுக் காப்பகத்தில் இருந்தபோதே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றார். அவருடைய நன்மைக்காக என்று சொல்லி, கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. குழந்தை வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நம் மாநிலத்தைச் சேர்ந்த பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் ஆகியோர் அடங்கிய அமர்வு, அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்றது. இதில் என்னை உறுத்துவது தீர்ப்பு அல்ல. அவரைப் பாதுகாக்கத் தவறிய அதே அமைப்பு, அவருக்காக முடிவெடுக்க மட்டும் எவ்வளவு எளிதாக முன்வந்தது என்பதுதான்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-இன் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா அடுத்த ஆண்டே ஏற்றது. அதன் வழியில் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மற்றவரைப் போலவே இவர்களுக்கும் சட்டத் தகுதி உண்டு என்கிறது. சமூகத்தில் வாழும் உரிமையைத் தருகிறது. இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முடிவெடுக்கத் துணை தேவைப்பட்டால் முதலில் அந்தத் துணையைத் தர வேண்டும். அதுவும் போதாதபோதுதான் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறைபாடுடையவரின் விருப்பத்தின்படி. வேறு சட்டங்களின் கீழ் முன்பே நியமிக்கப்பட்டவர்களும் இனி அப்படியே கருதப்படுவார்கள் என்றும் 14-ஆம் பிரிவு சொல்கிறது.

இது எத்தனை வங்கிக் கிளைகளுக்குத் தெரியும்? கணக்குத் தொடங்க மகள் வந்தால், "கார்டியன் சர்டிபிகேட் இருக்கா?" என்று அப்பாவைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். பணம் எடுக்க அவளுக்கு எந்த அளவு உதவி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பெட்டிக்கடைக்காரர் இதைவிடத் தெளிவாக நடந்துகொள்வார். என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டு, சில்லறையை அவள் கையில் எண்ணித் தருவார்.

ஆய்வுலகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்வியியல் துறைகளில் 'ஆசிரியர்களின் மனப்பான்மை' பற்றிய அளவீடுகள் போதும் போதும் என்றாகிவிட்டன. நாற்பது வயதான ஆட்டிசம் உள்ளவர் எங்கே வசிக்கிறார், யாரோடு சாப்பிடுகிறார், தன் பணத்தைத் தானே செலவழிக்கிறாரா என்று கேட்ட ஆய்வேடு என் மேசைக்கு வந்ததே இல்லை. பெற்றோரின் பேட்டியை வைத்துக்கொண்டு பிள்ளையின் கருத்து என்று எழுதுவதையும் இனி நிறுத்திக்கொள்வோம். பேச்சு வராதவரிடம் படங்கள், சைகை, கருவிகள் வழியாகக் கேட்கலாம். அதற்கு நேரமாகும், ஆகட்டும்.

தமிழக உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டத்திருத்தம் வந்திருக்கிறது. அந்த நாற்காலிகளில் அறிவுசார் குறைபாடுடையவர் ஒருவராவது அமர என்னென்ன துணை தேவை என்பதை மாலை அமர்வு விவாதித்தால் மகிழ்வேன்.

முதல் அமர்வில் கட்டுரையாளர்களுக்கு முன்பாக, குறைபாடுடைய நண்பர்கள் நால்வர் பேசுகிறார்கள். அவர்களுக்கு நேர மணி அடிக்க வேண்டாம் என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பேராசிரியர்களுக்குத் தயங்காமல் அடிக்கலாம்.