ஆகாயக் கம்பனியும் தரைத் தொழிலாளரும்

காலிக்குத் தென்கிழக்கே, கடற்கரையை அடுத்துக் கொக்கலை வாவி என்றோர் அமைதியான நீர்நிலை உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943 முதல் 1945 வரை, அந்த வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குக் கட்டலினா என்னும் நீர்விமானங்கள் பறந்து சென்றன. வழியில் எங்கும் அவை இறங்கவில்லை. பிரயாணம் ஏறக்குறைய இருபத்தெட்டு மணி நேரம் நீடித்தது. சில வேளைகளில் முப்பது மணியையும் தாண்டியது. எண்ணெய்ப் பாரம் மிகுதியாகையால் மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மேல் ஏற்ற முடியாது. ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டவர்களுக்கு நற்சான்றிதழ் ஒன்றும் வழங்கப்பட்டது. அச்சேவையை நடத்திய நிறுவனம் குவான்டாஸ்.

1920 ஆம் ஆண்டில் குவீன்ஸ்லாந்தின் வின்டன் என்ற சிற்றூரில் பிறந்த இந்நிறுவனத்தை 1947 இல் அவுஸ்திரேலிய அரசாங்கம் தன் உடைமையாக்கிற்று. 1990 ஆம் ஆண்டுகளில் அது மீண்டும் தனியார் பங்குதாரரின் கைக்குச் சென்றது. தங்கள் தேசத்தின் பெயரைச் சுமந்து செல்லும் கம்பனி என அந்நாட்டு மக்கள் அதனைப் பெருமையோடு கருதி வந்தவர்கள். ஆகையினால், அக்கம்பனி தன் சொந்தத் தொழிலாளரால் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டு, ஒவ்வொரு படியிலும் தோல்வி கண்ட வரலாறு அங்கே பெரும் பரபரப்பை உண்டாக்கியதில் வியப்பில்லை.

விமானப் பிரயாணம் என்றவுடன் நமது நினைவுக்கு வருபவர் விமானியும் பணிப்பெண்ணுமே. விமானம் தரையில் நிற்கும் அந்த நாற்பது ஐம்பது நிமிடங்களுக்குள் அதனைச் சுற்றி ஓடியாடி வேலை செய்வோரைப் பிரயாணி கண்ணாடி யன்னலூடாகக் கண்டாலும் கவனிப்பதில்லை. பொதிகளை இறக்குவோர், ஏற்றுவோர், வண்டித் தொடரை ஓட்டுவோர், விமானத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவோர், உள்ளே துப்புரவு செய்வோர் எனப் பலர் அங்கே உளர். சிறிய விமானங்களின் வயிற்றுப் பகுதியில் ஒருவர் நிமிர்ந்து நிற்க இயலாது. முழந்தாளிட்டு, குனிந்தபடியே, இருபது கிலோவுக்கு மேற்பட்ட பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டும். அவற்றை எங்கே எவ்வளவு வைப்பது என்பதும் மனம்போன போக்கில் செய்யத்தக்கதன்று. பாரம் முன்பக்கமோ பின்பக்கமோ தவறாகச் சாய்ந்துவிட்டால் விமானத்தின் சமநிலையே கெடும். முதுகு வலியும் முழங்கால் வலியும் இத்தொழிலின் கூடப்பிறந்தவை. எனினும் சங்கத்தின் பலத்தினால் நல்ல சம்பளமும் நிலையான வேலையும் இருந்தமையால், ஒரே நிலையத்தில் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் குவான்டாஸில் உண்டு.

அவ்வாறானோரில் 1,700 பேருக்கு மேற்பட்டவர்களின் வேலையை வெளியாருக்குக் கொந்தராத்தாகக் கொடுத்துவிடுவதென 2020 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆந் தேதி கம்பனி அறிவித்தது. சிட்னி, மெல்பேண், பிரிஸ்பேன், பேர்த் உட்படப் பத்து விமான நிலையங்கள் அத்தீர்மானத்துக்கு உட்பட்டன.

அது கொவிட் நோய் உலகத்தை முடக்கியிருந்த காலம். அவுஸ்திரேலியாவின் எல்லைகள் மூடப்பட்டிருந்தன. விமானங்கள் பாலைவனத்தின் ஓரத்தே வரிசையாக நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. கம்பனியின் நட்டம் மெய்யானது என்பதை எவரும் மறுக்கவில்லை. கொந்தராத்து முறையினால் வருடந்தோறும் ஏறக்குறைய பத்துக் கோடி டொலர் மிச்சமாகும் எனவும், புதிய இயந்திர சாதனங்களுக்குப் பணம் முடக்க வேண்டியிராது எனவும் நிர்வாகம் கணக்குக் காட்டிற்று. தொழிலாளரும் விரும்பினால் ஏனைய கொந்தராத்துக்காரரைப் போலவே தங்கள் சொந்த வேலைக்குத் தாங்களே விலைமனுக் கொடுக்கலாம் என்றும் கூறப்பட்டது. பெரிய கணக்காய்வு நிறுவனம் ஒன்றின் துணையோடு போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் அந்த மனுவைத் தயாரித்துக் கொடுத்தது. அது ஏற்கப்படவில்லை. வீட்டில் நோய்ப் பயத்தோடும் வேலையின்றியும் இருந்த ஒருவர், தமது பதவியைத் தாமே ஏலத்தில் கேட்க வேண்டி வந்த அந்த நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த விவகாரத்தின் வேர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. 2011 ஆம் ஆண்டில் விமானிகள், பொறியியலாளர், தரைத் தொழிலாளர் ஆகிய மூன்று பகுதியினரின் சங்கங்களும் கம்பனியோடு பிணக்குற்றிருந்தன. கொந்தராத்துத் தொழிலாளரை அளவின்றிச் சேர்க்கலாகாது என்பது தரைத் தொழிலாளரின் முக்கிய கோரிக்கை. அக்டோபர் 29 ஆந் தேதி, அப்போதைய பிரதம நிர்வாகி அலன் ஜோய்ஸ் உலகெங்குமுள்ள குவான்டாஸ் விமானங்கள் அனைத்தையும் தரையிறக்கி, தொழிலாளரை வெளியே வைத்துப் பூட்டப்போவதாக அறிவித்தார். பல்லாயிரம் பிரயாணிகள் அந்நிய தேசங்களில் நடுவழியில் நின்றனர். இரண்டு நாட்களுக்குள் தொழில் நியாயசபை தலையிட்டுப் பிணக்கை நிறுத்தியது. வேலைநிறுத்தம் செய்யும் ஆயுதம் தொழிலாளருக்கு மட்டுமே உரியதன்று என்பதை அன்று சங்கங்கள் கண்டன. தரைத் தொழிலாளரின் ஒற்றுமை தனக்கு எவ்வளவு இடையூறு செய்யவல்லது என்பதை நிர்வாகமும் மறந்துவிடவில்லை.

அவுஸ்திரேலியச் சட்டப்படி தொழிலாளர் நினைத்த வேளையில் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. நடைமுறையிலுள்ள கூட்டு ஒப்பந்தத்தின் காலம் முடிந்து, புதிய ஒப்பந்தத்துக்குப் பேச்சு நடைபெறும் வேளையிலேதான், அதுவும் வாக்கெடுப்பு நடத்திய பின்னரே, சட்டத்தின் பாதுகாப்போடு வேலையை நிறுத்தலாம். 2009 ஆம் ஆண்டின் நியாயத் தொழிற் சட்டம் இவ்வாறு கூறுகின்றது. இந்தத் தொழிலாளருக்கு அந்தச் சந்தர்ப்பம் 2021 இல் வரவிருந்தது. அதற்கு முன்னரே அவர்களது வேலையை வெளியாருக்குக் கொடுக்கும் தீர்மானம் அறிவிக்கப்பட்டது. இது தற்செயலா, திட்டமா என்பதே வழக்கின் சாரம்.

ஒருவரது மனத்தில் இருந்த நோக்கத்தை வெளியிலிருந்து நிரூபிப்பது எளிதன்று. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விசேட ஏற்பாடு உண்டு. தொழிலாளர் தமது உரிமையைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் நோக்கம் இருந்ததென ஒருவர் முறையிட்டால், அத்தகைய நோக்கம் தன்னிடம் இருக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியையே சாரும். அந்த நோக்கம் பல நோக்கங்களுள் ஒன்றாக இருப்பினும் போதும். 2021 ஜூலை மாதத்தில் மத்திய நீதிமன்றத்தின் நீதியரசர் மைக்கேல் லீ தமது முடிவைக் கூறினார். வர்த்தகக் காரணங்கள் பொய்யல்ல என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும், எதிர்காலத்தில் வேலைநிறுத்தம் வராமல் தடுக்கும் எண்ணமும் கூடவே இருக்கவில்லை என்று கம்பனி நிரூபிக்கத் தவறிவிட்டது என்றார்.

கம்பனி மேன்முறையீடு செய்தது. 2022 மே மாதத்தில் மத்திய நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதை நிராகரித்தது. பின்னர் வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தபோது, கம்பனியின் சார்பில் நுட்பமான வாதம் ஒன்று முன்வைக்கப்பட்டது. தீர்மானம் எடுக்கப்பட்ட அந்த நாளில் தொழிலாளருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இன்னும் பிறக்கவில்லை. இல்லாத உரிமையைத் தடுப்பது எங்ஙனம் என்பதே அவ்வாதம். அறுவடைக்கு முன் குத்தகைக்காரனை வயலை விட்டு வெளியேற்றிவிட்டு, நெல் இன்னும் முற்றவில்லை, ஆகவே அவனுக்கு இழப்பொன்றுமில்லை என்று சொல்வதைப் போன்றது இது. 2023 செப்டெம்பர் 13 ஆந் தேதி, நீதியரசர்கள் ஒருமனதாகக் கம்பனியின் முறையீட்டைத் தள்ளினார்கள். நாளை வரவிருக்கும் உரிமையைத் தடுப்பதற்காக இன்று செய்யும் செயலும் சட்டத்தின் தடைக்குள் அடங்கும் என்பது முடிவாயிற்று. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அலன் ஜோய்ஸ் உரிய காலத்துக்கு முன்பாகப் பதவியை விட்டு விலகியிருந்தார்.

நடுவே 2022 இல் நிகழ்ந்த ஒரு சம்பவத்தையும் குறிப்பிட வேண்டும். பிரயாணிகள் திரும்பவும் கூட்டங்கூட்டமாக வரத் தொடங்கினர். பொதி ஏற்றுவதற்கு ஆள் போதவில்லை. அவ்வருடம் ஆகஸ்டில், சிட்னியிலும் மெல்பேணிலும் மூன்று மாதங்களுக்குப் பொதி ஏற்றும் வேலையில் உதவுமாறு குறைந்தது நூறு மேலதிகாரிகளையும் முகாமையாளரையும் கம்பனி கேட்டுக்கொண்டது. முழங்கால் வலியின் அருமையை அவர்களுள் எத்தனை பேர் அறிந்துகொண்டனரோ!

வெற்றி என்று சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தங்கள் பழைய வேலை திரும்பக் கிடைக்க வேண்டுமென்பதே தொழிலாளரின் முதல் வேண்டுகோள். 2021 டிசெம்பரிலேயே அது மறுக்கப்பட்டது. வேலை ஏற்கெனவே கொந்தராத்துக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. நடந்ததைப் பின்னுக்குத் திருப்புவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது நீதிமன்றத்தின் அபிப்பிராயம். நட்டஈட்டைக் கணக்கிடுகையிலும் ஒரு கசப்பு இருந்தது. சட்டவிரோதமான அந்த நோக்கம் இல்லாதிருந்தாலும், ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் கம்பனி சட்டப்படியே அவ்வேலைகளை வெளியாருக்குக் கொடுத்திருக்கும் என்று நீதியரசர் லீ கருதினார். ஆகவே சம்பள இழப்பு அந்த ஒரு வருடத்தோடு நின்றது. மன வேதனைக்காக, மாதிரி வழக்குகளாக எடுக்கப்பட்ட மூவருக்கு 30,000 முதல் 100,000 டொலர் வரை விதிக்கப்பட்டது. 2024 டிசெம்பரில் மொத்தம் 12 கோடி டொலர் நட்டஈட்டுக்கு இரு பகுதியினரும் உடன்பட்டனர்.

வேலை ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் என்ன, வேலை வேலைதானே என்று கேட்போரும் உண்டு. கொந்தராத்துக்காரர் சில வருடங்களுக்கு ஒருமுறை விலைமனுக் கொடுத்தே வேலையைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் விலையையோ எண்ணெயின் விலையையோ அவர் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது கூலியும் ஆட்தொகையும் மட்டுமே. சம்பளத்தைக் கூட்டும்படி தொழிலாளர் அவரிடம் கேட்டால், ஆகாயக் கம்பனி எனக்குத் தருவது இவ்வளவுதான் என்று அவர் கையை விரிப்பார். ஆகாயக் கம்பனியிடம் போனால், நீங்கள் எங்கள் தொழிலாளர் அல்லரே என்ற பதில் கிடைக்கும். பணத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர். பேச்சுக்கு வருபவர் இன்னொருவர்.

இதன் மற்றொரு முகத்தை 2005 ஆம் ஆண்டில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் கண்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தனது உணவு தயாரிக்கும் பகுதியை 1997 இல் கேட் கூர்மே என்ற நிறுவனத்துக்கு விற்றிருந்தது. அங்கே உணவுத் தட்டுகளை அடுக்கியவர்களுள் பெரும்பாலோர் சவுத்தோல் பகுதியில் வாழ்ந்த பஞ்சாபிப் பெண்கள். 2005 ஆகஸ்ட் 10 ஆந் தேதி, தற்காலிகத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டதை ஆட்சேபித்து அவர்கள் ஒன்றுகூடியபோது, ஏறக்குறைய 670 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். சிலருக்கு அச்செய்தி ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது. மறுநாள், பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரைத் தொழிலாளர் அனுதாப வேலைநிறுத்தம் செய்ய, அந்நிறுவனத்தின் ஹீத்ரோ விமானங்கள் அசையாது நின்றன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் தவித்தனர். பழைய காலத்தில் ஒரே கம்பனியின் தொழிலாளராயிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்பது இயல்பு. ஆனால் கம்பனி இரண்டாகிவிட்டபடியால், அதே செயல் பிரித்தானியாவில் சட்டவிரோதமாயிற்று. நீக்கப்பட்டோரில் ஒரு பகுதியினருக்கே மீண்டும் வேலை கிடைத்தது.

சவுத்தோல் பெண்களுக்குக் கிடைக்காத ஓர் உதவி சிட்னித் தொழிலாளருக்குக் கிடைத்தது. நோக்கத்தை விளக்கும் பொறுப்பை முதலாளியின் தோளில் வைத்த அந்தச் சட்டப் பிரிவே அது. 2025 ஆகஸ்ட் 18 ஆந் தேதி, நீதியரசர் லீ குவான்டாஸ் கம்பனிக்கு 9 கோடி டொலர் அபராதம் விதித்தார். தொழிற் சட்டத்தை மீறியதற்காக அந்நாட்டில் ஒரு முதலாளிக்கு விதிக்கப்பட்ட அபராதங்களுள் இதுவே மிகப் பெரியது. கம்பனி தெரிவித்த வருத்தம், இழைத்த தீங்குக்காக வருந்துவதா, தனக்கு நேர்ந்த கெடுதிக்காக வருந்துவதா என்ற ஐயத்தையும் அவர் மறைக்கவில்லை. அபராதத் தொகையில் 5 கோடி டொலரைத் தொழிற்சங்கத்துக்கே செலுத்தும்படி கட்டளையிட்டார். வழக்கைத் தொடுத்தது சங்கமேயன்றி, அதற்கென அமைக்கப்பட்ட அரசாங்க அதிகாரி அல்லர் என்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

அவ்வழக்கின் தொழிலாளர் பலர் இதற்கிடையில் வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் முன்னர் ஏற்றிய பொதிகளைக் கொந்தராத்துக் கம்பனிகளின் ஆட்கள் ஏற்றுகின்றனர்.