ஒரே ஊசியில போற அரிப்பு, ஆனா சுகர் பூனைக்கு அந்த ஊசி ஆகாது

பூனைக்கும் சுகர் வரும்னு சொன்னா பாதிப்பேர் சிரிப்பாங்க. வரும். வயசான, குண்டான, கருத்தடை பண்ணின ஆண் பூனைகளுக்கு இன்னும் அதிகமா வரும். எங்க வீட்டு மிளகு இது எல்லாத்துலயும் டிக் அடிக்கிற ஆளு. வயசு 11. எட்டு மாசமா 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கிளார்ஜின் இன்சுலின் போட்டுக்கிட்டு இருக்கோம். இன்னைக்கு எபிசோட் அவனோட அரிப்பைப் பத்தி. சுகர் இருக்கற பூனைக்கு அரிப்பு வந்தா காரணத்தை எப்படித் தேடறது, ஏன் தேடியே ஆகணும்னு பேசப்போறேன்.

முதல்ல ஒரு விஷயம். பூனைகள்ல சிலது சுகர்ல இருந்து வெளியவே வந்துடும். சரியான இன்சுலின், மாவுச்சத்து கம்மியான சாப்பாடு, சீக்கிரமே ஆரம்பிச்ச சிகிச்சை இதெல்லாம் அமைஞ்சா, சில பூனைகளுக்கு ஒரு கட்டத்துல ஊசியே தேவைப்படாது. மிளகுக்கு 3 யூனிட்ல ஆரம்பிச்ச டோஸ் 1 யூனிட்டுக்கு இறங்கியிருந்தது. காதுல குத்தி ரீடிங் பார்க்கும்போதெல்லாம் நம்பிக்கை வந்துட்டிருந்த நேரம் அது.

அப்பதான் சொறிய ஆரம்பிச்சான். கழுத்துல, முதுகுல, வால் ஆரம்பிக்கிற இடத்துல. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. கையை விட்டுத் தடவினா தினையைத் தூவின மாதிரி சின்னச்சின்ன பொருக்கு. இதுக்கு டாக்டர்கள் வெச்சிருக்கற பேரு ‘மிலியரி டெர்மடைட்டிஸ்’. மிலியரின்னாலே தினை மாதிரின்னுதான் அர்த்தம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. இது ஒரு நோயோட பேரு இல்ல. பூனையோட தோல் எரிச்சலைக் காட்டற ஒரு விதம், அவ்வளவுதான். பின்னாடி காரணம் ஏகப்பட்டது இருக்கலாம்.

கிளினிக்ல அன்னைக்கு இருந்த டாக்டர் அவனைத் தடவிப் பார்த்துட்டு, “ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டா ரெண்டு நாள்ல அடங்கிடும்”னாங்க. “மேடம், இவனுக்கு சுகர் இருக்கு”ன்னேன். உடனே, “அப்போ அது வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடிப்போம்”னுட்டாங்க.

ஏன் வேண்டாம்? ஸ்டீராய்டு இன்சுலினை வேலை செய்ய விடாது. கல்லீரலையும் நிறைய சர்க்கரை வெளிய விட வைக்கும். நீண்ட நாள் வேலை செய்யற ஊசின்னா, போட்டதுக்கு அப்புறம் திரும்ப எடுக்கவும் முடியாது, வாரக்கணக்கா உடம்புல இருக்கும். சுகரே இல்லாத பூனைக்குக்கூட அதனால சுகர் வந்ததுண்டு. மத்த பூனைக்கு அரிப்பை அடக்கிட்டு மெதுவா காரணம் தேடலாம். மிளகுக்கு அந்த வசதி இல்ல.

அதனால சுலபமான, ஆபத்தில்லாத டெஸ்ட்ல இருந்து ஆரம்பிச்சோம். இன்சுலின் ஊசியே அலர்ஜியா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஊசி போடறது விலாப் பக்கம், பொருக்கு இருக்கறது வால்கிட்ட. அதனால அது இல்லன்னு ஆச்சு. தோலை லேசா சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க, மைட் எதுவும் இல்ல. டேப் ஒட்டி எடுத்ததுல சொறிஞ்ச இடத்துல கொஞ்சம் பாக்டீரியா. அது சொறிஞ்சதால வந்தது. படர்தாமரைக்கு வுட்ஸ் லேம்ப் அடிச்சுப் பார்த்தாங்க. அந்தப் பூஞ்சை இருந்தா முடி பச்சையா மின்னும். ஆனா எல்லாம் மின்னாது, அதனால முடியை கல்ச்சருக்கும் அனுப்பினோம். ரெண்டு மூணு வாரம் ஆகும். நம்மளுக்கும் ஒட்டற வியாதி, அதனால விட்டுட முடியாது. கடைசியில அதுவும் இல்லன்னு வந்தது.

அடுத்த சந்தேகம் சாப்பாடு. கோழி, மீன், மாட்டிறைச்சின்னு பூனைக்கு எதுவும் அலர்ஜி ஆகலாம். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. எட்டு வாரம் ஒரே ஒரு விசேஷ உணவு மட்டும் கொடுத்துப் பார்க்கணும். சிக்கல் என்னன்னா, அந்த மாதிரி உணவுல பலதுல மாவுச்சத்து கூடுதல். சுகர் ஏறும். புது சாப்பாடு பிடிக்காம பட்டினி கிடந்தா, இன்சுலின் போட்ட உடம்புல சுகர் அபாயமா இறங்கும். அதனால டாக்டர், “அதைக் கடைசியில வெச்சுக்கலாம். முதல்ல தெள்ளைப் பார்த்துடுவோம்”னாங்க.

நம்ம ஊர்ல பூனைமேல எது ஊர்ந்தாலும் உண்ணின்னுதான் சொல்வோம். உண்ணி வேற, தெள்ளுப்பூச்சி வேற. தெள்ளு குதிக்கும். அது கடிக்கும்போது விடற எச்சில்தான் அலர்ஜி. ஒண்ணு ரெண்டு கடியே போதும். மிளகை நெருக்கமான சீப்பால சீவினா ஒண்ணுமே வரல. டாக்டர் சிரிச்சாங்க. “அரிக்கிற பூனை நக்கி நக்கி ஆதாரத்தையே முழுங்கிடும். வீட்ல வேற பூனை இருக்கா?”

இருக்கா. கல்கண்டு. சொறியவே மாட்டா, ஜம்முனு தூங்குவா. வீட்டுக்கு வந்து அவளைச் சீவினேன். மிளகுத்தூள் மாதிரி கருப்பா உதிர்ந்தது. அதை ஈரமான வெள்ளை டிஷ்யூல வெச்சா, சுத்தி செம்பழுப்பா கறை பரவிச்சு. அதுதான் தெள்ளோட எச்சம், அதாவது செரிச்ச ரத்தம். கல்கண்டுக்கு அலர்ஜி இல்ல, அதனால அவளுக்கு அரிக்கல. அவகிட்ட வளர்ந்த தெள்ளு மிளகைக் கடிச்சிட்டு இருந்திருக்கு. பால்கனிக்கு வர்ற தெருப்பூனை மூலமா வந்திருக்கலாம்.

சிகிச்சை ரெண்டு பேருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த, கழுத்துப் பின்னாடி விடற சொட்டு மருந்து மாசத்துக்கு ஒரு தடவை. தெள்ளோட கூடு வீட்டுல மாசக்கணக்கா பதுங்கி இருக்கும், அதனால குறைஞ்சது மூணு மாசம். துணியெல்லாம் வெந்நீர்ல துவைக்கணும், சோபா இடுக்கெல்லாம் வேக்யூம் பண்ணணும். முக்கியமா, நாய்க்கு விக்கிற பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைமேல விட்டுடாதீங்க. உயிருக்கே ஆபத்து.

நாலு வாரத்துல பொருக்கு உதிர்ந்தது. நடுவுல 1.5 யூனிட் வரைக்கும் ஏறின டோஸ், டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைச்சதுல திரும்ப 1 ஆச்சு. தோல் வீக்கமும் தொற்றும் இருந்தா சுகர் ஏறும், ஆறினா இறங்கும். அதனால அந்த நாலு வாரமும் ரீடிங் எடுக்கறதை நாங்க விடல. ஊசி இல்லாத நாள் இன்னும் வரல, காத்திருக்கோம்.

உங்க வீட்டுப் பூனைக்கு சுகர் இருந்தா, எந்த டாக்டர்கிட்ட போனாலும் உள்ள நுழைஞ்சதும் அதைச் சொல்லிடுங்க. காது மருந்து, கண் மருந்து, களிம்பு எது கொடுத்தாலும் “இதுல ஸ்டீராய்டு இருக்கா?”ன்னு கேளுங்க. வீட்டுல இருக்கற எல்லாப் பூனையையும் சீவிப் பாருங்க, சொறியாததையும் சேர்த்து. அடுத்த எபிசோட்ல, பூனைக்குக் காதுல குத்தி சுகர் பார்க்கறது எப்படின்னு பேசுவோம். உங்க கேள்விகளை அனுப்பி வைங்க.