நாட்டின் நட்பும் ஆளின் நட்பும்

ஐரோப்பியத் தலைவர் ஒருவரின் அரசியல் வாழ்வும் அயலுறவும் என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். சர்ச்சிலையோ தெ கோலையோ எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப்போவது உர்ஹோ கெக்கோனனைப் பற்றி. 1956இல் பின்லாந்தின் குடியரசுத் தலைவரானவர். உடல் நலம் கெட்டு 1981 அக்டோபரில் பதவி விலகல் கடிதம் கொடுக்கும்வரை, கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த நாற்காலியை விட்டு இறங்காதவர். சோவியத் ஒன்றியத்தோடு அவர் வளர்த்த உறவைப் பற்றி இரண்டே தீர்ப்புகள்தாம் வழக்கமாகக் காதில் விழும். நாட்டைக் காப்பாற்றியவர் என்பது ஒன்று. நாட்டை அடகு வைத்தவர் என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பது என் கட்சி. அவருடைய அயலுறவுக் கொள்கை சரியானது. அந்தக் கொள்கைக்குத் தன் பெயரில் பட்டா வாங்கிக்கொண்டாரே, தவறு அங்கேதான் இருக்கிறது.

அந்த நாடு இருந்த நிலையை முதலில் பார்ப்போம். சோவியத்தோடு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் எல்லை. மக்கள்தொகையோ நாற்பது லட்சத்தை ஒட்டி. 1939 நவம்பர் 30 அன்று தொடங்கிய குளிர்காலப் போர் 105 நாள் நடந்தது. அதற்குப் பிறகு ஜெர்மனியோடு சேர்ந்து 1941 முதல் 1944 வரை இன்னொரு போர். இரண்டிலும் தோல்வி. நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. கரேலியாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். 30 கோடி டாலர் இழப்பீட்டைக் கப்பலாகவும் இயந்திரமாகவும் கட்டி அனுப்பி 1952இல்தான் தீர்த்தார்கள். தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள போர்க்கலாவைச் சோவியத் கடற்படைக்கு 50 ஆண்டுக் குத்தகைக்கு விட வேண்டியிருந்தது. அந்தப் பகுதியைக் கடக்கும்போது பின்லாந்தின் சொந்த ரயில் வண்டிகளின் ஜன்னல்களைப் பலகை போட்டு மூடுவார்கள். பயணிகள் தங்கள் நாட்டு மண்ணையே பார்க்கக் கூடாது. ஆனாலும் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை. செம்படை நாட்டைக் கைப்பற்றவில்லை, நாடாளுமன்றம் கலையவில்லை, நீதிமன்றங்கள் பழைய சட்டத்தின்படியே இயங்கின. மிஞ்சியதைக் காப்பாற்றிக்கொள்ளும் கலைதான் அப்போது பின்லாந்தின் அயலுறவு.

இந்தக் கலையைக் கெக்கோனன் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன் குடியரசுத் தலைவராக இருந்த பாசிகிவி, ரஷ்ய மொழியும் ரஷ்ய மனமும் அறிந்த பழுத்த பழமைவாதி. 1948 ஏப்ரலில் மாஸ்கோவோடு கையெழுத்தான நட்பு, ஒத்துழைப்பு, பரஸ்பர உதவி ஒப்பந்தம் அவர் காலத்தது. ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்து வழியாகச் சோவியத்தைத் தாக்கினால் பின்லாந்து தன் மண்ணில் நின்று எதிர்க்கும், தேவைப்பட்டால் சோவியத் உதவியோடு. அப்படி ஓர் ஆபத்து தெரிந்தால் இரு தரப்பும் கலந்து பேசும். சாரம் இவ்வளவுதான். கெக்கோனனோ தொடக்கத்தில் வேறு ஆள். 1900இல் பீலவேசி என்ற ஊரில் பிறந்தவர், இளமையில் உயரம் தாண்டுதலில் தேசிய சாம்பியன், பாதுகாப்புக் காவல்துறையில் கம்யூனிஸ்டுகளை விசாரித்தவர், சட்ட முனைவர், விவசாயிகள் கட்சிக்காரர். 1940இல் மாஸ்கோ சமாதானத்தை எதிர்த்த சிலரில் அவரும் ஒருவர். ஜெர்மனி தோற்கும் என்பது தெளிவானபோது கணக்கை மாற்றிப் போட்டார். 1943இல் ஸ்டாக்ஹோமில் பேசும்போது, அண்டை வல்லரசோடு இணங்கி வாழும் நடுநிலையே பின்லாந்தின் வழி என்றார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்வோர் உண்டு. களநிலவரம் மாறிய பிறகும் பழைய வீராப்பையே பிடித்துக்கொண்டு நிற்பதைக் கொள்கைப் பிடிப்பு என்று கொண்டாட நான் தயாரில்லை.

அந்த வழியில் கிடைத்தவற்றைப் பாருங்கள். போர்க்கலா, குத்தகைக் காலம் முடிய இன்னும் முப்பத்தெட்டு ஆண்டு இருக்கும்போதே, 1956 ஜனவரியில் திரும்பி வந்தது. 1960 செப்டம்பரில் கெக்கோனனின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஹெல்சிங்கி வந்தார். கெக்கோனன் வசித்த தம்மினியெமி மாளிகையின் சானாவில், அதாவது அவர்களுடைய நீராவிக் குளியலறையில், இருவரும் விடியவிடியப் பேசினார்கள். அடுத்த ஆண்டே ஐரோப்பியத் தடையற்ற வணிகக் கூட்டமைப்போடு பின்லாந்து இணைப்பு ஒப்பந்தம் செய்தது; மாஸ்கோ குறுக்கே நிற்கவில்லை. லொவீசா அணுமின் நிலையம் ஒன்றே அந்தக் காலத்தின் அரசியலை விளக்கிவிடும். அணு உலை சோவியத்தது. அதைச் சுற்றிய பாதுகாப்புக் கட்டமைப்பு அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸின் உரிமத்தில் கட்டியது. கட்டுப்பாட்டுக் கருவிகள் ஜெர்மனியின் சீமென்ஸிலிருந்து வந்தவை. 1975 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க அதிபர் ஃபோர்டும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் உட்பட 35 நாடுகளின் தலைவர்கள் ஐரோப்பியப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது ஹெல்சிங்கியில். மூன்று ஆண்டு கழித்து, சோவியத் பாதுகாப்பு அமைச்சர் உஸ்தீனவ் கூட்டு ராணுவப் பயிற்சி நடத்தலாமே என்று வந்தபோது கெக்கோனன் மறுத்துவிட்டார். அடகு போன நாட்டின் தலைவருக்கு மறுக்கும் இடம் இருக்காது. மேற்கு ஜெர்மனியில் சில அரசியல்வாதிகள் இந்த இணக்கத்தைப் பின்லாந்துமயம் என்று ஏளனம் செய்தார்கள். பக்கத்தில் அமெரிக்கப் படை காவல் நிற்க, தூரத்திலிருந்து வீரம் பேசுவது யாருக்கும் எளிது.

இவ்வளவு சொல்லிவிட்டுக் குறை எங்கே என்று கேட்பீர்கள். 1919ஆம் ஆண்டின் பின்லாந்து அரசியல் சாசனம் அயலுறவைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்திருந்தது. பிரதமரை அமர்த்துவதும் நாடாளுமன்றத்தைக் கலைப்பதும் அவர் அதிகாரமே. ஆகவே மாஸ்கோவுக்கு வேண்டியவர் என்ற பெயர் வந்துவிட்டால், அந்தப் பெயரை உள்நாட்டிலும் செலவழிக்கலாம். 1956இல் அவர் வென்றது 151க்கு 149 என்ற கணக்கில். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்த 300 தேர்வாளர்களில் ஒரே ஒருவர் இடம் மாறியிருந்தால் சமநிலை. தோற்றவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ஃபாகர்ஹோல்ம். அதே ஃபாகர்ஹோல்ம் 1958இல் பிரதமரானார். அந்த அமைச்சரவை மாஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை. சோவியத் தூதர் லெபதேவ் முறைப்படி விடைபெறாமலே ஊரை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. வணிகப் பேச்சுகள் நின்றன. கெக்கோனனின் பழைய கட்சிக்காரர்கள் அமைச்சரவையிலிருந்து விலக, டிசம்பரில் அரசு விழுந்தது. அடுத்த மாதம் கெக்கோனன் லெனின்கிராடு போய்க் குருஷ்சேவைச் சந்தித்தார். பனி விலகியது. வாக்காளர் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தின் பெரும்பான்மையைவிட, ஒருவரின் ரயில் பயணத்துக்கு வலிமை அதிகம் என்று நாடே அன்று பாடம் கற்றது.

மூன்று ஆண்டில் அந்தப் பாடம் இன்னும் கடுமையாகத் திரும்பி வந்தது. 1962 தேர்தலில் கெக்கோனனை வீழ்த்த, சமூக ஜனநாயகரும் வலதுசாரிகளும் கைகோத்து ஒலவி ஹோன்கா என்ற சட்டத்துறை மூத்த அதிகாரியைப் பொது வேட்பாளராக்கியிருந்தார்கள். பெர்லின் சுவர் எழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. 1961 அக்டோபர் 30 அன்று மாஸ்கோ ஒரு குறிப்பை நீட்டியது: மேற்கு ஜெர்மனியின் ராணுவ எழுச்சியால் ஆபத்து, 1948 ஒப்பந்தப்படி கலந்து பேச வேண்டும். கெக்கோனன் அப்போது அமெரிக்கப் பயணத்தில், ஹவாய்த் தீவில் இருந்தார். ராணுவ ஆலோசனை என்றால் அது எங்கே போய் முடியும் என்று ஹெல்சிங்கி கலங்கிப்போயிற்று. வெளியுறவு அமைச்சர் கர்யலைனன் மாஸ்கோவில் சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிகோவைச் சந்தித்தும் முடிச்சு அவிழவில்லை. கடைசியில் கெக்கோனனே சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் வரை போய், நவம்பர் 24 அன்று குருஷ்சேவோடு பேசி ஆலோசனையைத் தள்ளிவைக்கச் செய்தார். அவர் அங்கே இருக்கும்போதே இங்கே ஹோன்கா நாட்டு நலன் கருதி விலகிவிட்டார். அந்த 1962 தேர்தலில் கெக்கோனனுக்கு 199 தேர்வாளர்கள். குறிப்பை அவரே சொல்லி வரவழைத்தார் என்று சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அதற்கு முடிவான சான்று இல்லாததால் அந்தக் குற்றத்தை நான் அவர்மேல் சுமத்தவில்லை. சுமத்தத் தேவையுமில்லை. நெருக்கடியை யார் மூட்டினாலும், அதை அணைக்கத் தன் ஒருவனால்தான் முடியும் என்ற நிலையை அவர் கட்டி வைத்திருந்தார். அந்த நிலையே போட்டி வேட்பாளரை வீட்டுக்கு அனுப்பப் போதுமாயிருந்தது.

1973இல் தேர்தலே வேண்டாமென்று ஆகிவிட்டது. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் சவீதவா வேட்டை மாளிகையில் பிரெஷ்னேவோடு அவர் பேசிய பேச்சின் ரகசியக் குறிப்பு பத்திரிகைக்குக் கசிந்தது. இப்படி நம்பிக்கை கெட்ட இடத்தில் நான் எப்படித் தொடர்வேன் என்று கோபித்துக்கொண்டார். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு வணிக ஒப்பந்தம் செய்ய வேண்டிய வேளை. இவர் இல்லாவிட்டால் மாஸ்கோ சம்மதிக்குமா என்று கட்சிகள் பதறின. விளைவு ஒரு தனிச் சட்டம். மக்கள் வாக்கு இல்லாமலே பதவிக்காலம் நான்கு ஆண்டு நீண்டது. 170 பேர் ஆதரவு, 28 பேர் எதிர்ப்பு. அவரை வீழ்த்த ஒரு காலத்தில் கைகோத்த கட்சிகளே இப்போது அவரை இருக்கச் சொல்லி வரிசையில் நின்றன. மிரட்டிக் கையெழுத்து வாங்கியதாகச் சொல்ல முடியாது. எல்லாம் சட்டப்படி நடந்தது. இந்தச் சட்டப்படிதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

மேலே இருப்பவர் குறிப்பால் உணர்த்தினால், கீழே இருப்பவர் குறிப்பில்லாமலே நடந்துகொள்வார். ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் சோவியத் சிறை முகாம்களைப் பற்றி எழுதிய குலாக் நூலின் பின்லாந்து மொழிபெயர்ப்பை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. ஆனால் ஹெல்சிங்கிப் பதிப்பகம் கைவிட, அது 1974இல் ஸ்டாக்ஹோமில் அச்சானது. 1979 தேர்தலில் வலதுசாரிக் கட்சியான கொகோமுஸ் பெரிதாக வளர்ந்தும் ஆட்சியில் அதற்கு இடமில்லை. பொதுவான காரணங்கள் என்று பூடகமாகச் சொன்னார்கள். அந்தக் காரணம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

மக்கள் அவரை விரும்பித்தானே இருத்தினார்கள் என்று ஒரு வாதம் உண்டு. விரும்பினார்கள், உண்மை. அப்படி விருப்பம் இருந்தால் 1974இல் வரவேண்டிய தேர்தலை நடத்தி அதை எண்ணிக் காட்டியிருக்கலாமே! இதைவிடக் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. மாஸ்கோவில் நிறுவனங்களுக்கு மதிப்பில்லை, ஆட்களுக்குத்தான் மதிப்பு. அங்கே நம்பிக்கை என்பது முகம் பார்த்து வருவது. எனவே ஒரு முகம் நீடித்திருக்க வேண்டியது கட்டாயம் என்பார்கள். இதில் சாரம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். குருஷ்சேவோடு சானாவில் ஓர் இரவு பேசியதை எந்தத் தூதரகமும் செய்திருக்க முடியாது. ஆனால் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறு ஒரு வாய்ப்பைத் தந்தது. 1981 வசந்தத்தில், பிரதமர் மௌனோ கோய்விஸ்டோவைப் பதவி விலகச் செய்யக் கெக்கோனன் முயன்றார். நாடாளுமன்றத்தின் நம்பிக்கை எனக்கு இருக்கிறது என்று கோய்விஸ்டோ அசையாமல் இருந்துவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. அந்த ஆண்டே கெக்கோனன் நோயில் விழ, 1982 ஜனவரித் தேர்தலில் மாஸ்கோ விரும்பிய கர்யலைனனைச் சொந்தக் கட்சியே வேட்பாளராக்கவில்லை. முதல் சுற்றிலேயே 167 தேர்வாளர்களோடு கோய்விஸ்டோ வென்றார். மாஸ்கோ என்ன செய்தது? தூதரைத் திருப்பி அழைக்கவில்லை, வணிகத்தை நிறுத்தவில்லை. 1983இல் பழைய நட்பு ஒப்பந்தத்தை இன்னும் 20 ஆண்டுக்குப் புதுப்பித்துக் கையெழுத்திட்டது. அப்படியானால் அந்த உறவைத் தாங்கியது பின்லாந்து என்ற நாட்டின் நிதானமும் புவியியலும் இரு தரப்பு நலனும். ஆள் மாறினார், உறவு மாறவில்லை. ஆளில்லாவிட்டால் உறவில்லை என்று இருபது ஆண்டாகச் சொல்லி வந்தது பொய்க் கணக்கு. 1958இல் நிலைமை வேறு, 1983இல் வேறு என்று மறுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1948இல், ஸ்டாலின் உயிரோடிருக்கையில், இதே உறவைத் தொடங்கி நடத்தியவர் கெக்கோனன் அல்ல.

பின்லாந்துக்காரர்களே இந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் குடியரசுத் தலைவராக இருக்கக் கூடாதென்று விதித்தார்கள். 2000இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சாசனம், அயலுறவைக் குடியரசுத் தலைவர் அரசோடு சேர்ந்தே நடத்த வேண்டும் என்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய பின், 2022 மே மாதம், நேட்டோவில் சேர விண்ணப்பிப்பதா என்ற கேள்வி வந்தபோது அது நாடாளுமன்றத்துக்குப் போனது. 1948 முதல் நடந்து வந்த பாதையையே திருப்பிப்போடும் முடிவு அது. வேட்டை மாளிகையும் இல்லை, நீராவிக் குளியலும் இல்லை. அவையில் பகலில் விவாதித்து 188க்கு 8 என்று வாக்களித்தார்கள். 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. அந்த முடிவு சரியா தவறா என்று உங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கலாம், எனக்குள்ளும் இருக்கிறது. ஆனால் அது எந்த ஒருவரின் பெயரிலும் பதிவாகவில்லை. நாளை அதை மாற்ற வேண்டுமென்றால், எந்தக் கதவைத் தட்டுவது என்று அங்குள்ள ஒவ்வொரு வாக்காளருக்கும் தெரியும்.