இளந்தாயரும் கல்வியும்

(வெள்ளவத்தையில் எமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வெளியே பேசக் கூசும் விடயமொன்றை இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கின்றோம். 15, 16 வயதில் தாயாகிவிடும் பெண்பிள்ளையின் படிப்பு என்னாவது என்பதே அது. "எங்கள் சனத்துக்குள் அப்படி நடப்பதில்லை" என்று சொல்லி எழுந்துவிடுவது எளிது. நடக்கும்பொழுது, அயலறியாமல் பிள்ளையைத் தூரத்து உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிடுகின்றோம். ஆதலினாலேயே நடப்பதில்லை என்று தோன்றுகின்றது.

முதலில் சட்டம் கூறுவதைக் கேட்போம். 1995ஆம் ஆண்டு திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின்படி, பொதுவாக 16 வயதுக்குட்பட்ட பெண்ணின் சம்மதம் சம்மதமாகாது. அவள் குற்றவாளியல்லள், குற்றத்துக்கு இலக்கானவள். அதே ஆண்டில் பொதுச் சட்டத்தின் கீழ்த் திருமண வயதும் 18 ஆக்கப்பட்டது. ஆகவே, "அவனுக்கே கட்டிவைத்து மானத்தைக் காப்போம்" என்ற பழைய வழியும் அடைபட்டுவிட்டது. மிஞ்சியிருக்கும் நல்வழி கல்வி ஒன்றே. 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி உண்டு. 2016 முதல் 16 வயதுவரை கட்டாயக் கல்வி உண்டு.

ஊர்ப்பழிக்கு அஞ்சாது பெண்களைப் படிக்கவைத்த முன்மாதிரி நமக்குப் புதிதன்று. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். கைம்பெண் எதிரே வருவதே அபசகுனம் என்று கருதப்பட்ட காலத்தில், 1911இல் பி. ஏ. பட்டம் பெற்றார். பின்னர், தம்மைப்போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துக் கல்வி புகட்டி ஆசிரியைகளாக்கினார். சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கி, அடுத்த மாதம் சென்னையில் தங்கியிருந்த ஐஸ் ஹவுஸ் மாளிகையே, 1917 முதல் அப்பெண்களின் இல்லமாக விளங்கிற்று. அன்று பழித்த நாக்குகளை யார் நினைக்கின்றார்கள்? அந்த ஆசிரியைகளிடம் படித்தவர்கள் பலர்.

நம்மைப்போல் ஒரு தீவு ஜமேக்கா. அங்கே கிங்ஸ்டன் நகரில் 1978இல் மகளிர் நிலையமொன்று தொடங்கப்பட்டது. கருவுற்ற மாணவியர் அங்கேயே பாடங்களைத் தொடர்வர். பிள்ளைபெற்றபின் பாடசாலைக்குத் திரும்புவர். வேண்டுமாயின் வேறொரு பாடசாலைக்குச் செல்வர். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அங்கே ஒழுங்குண்டு. படிப்புத் தடைப்படுவது அறிவுக் குறைவாலன்று, குழந்தையை ஏந்திக்கொள்ளக் கையில்லாமையாலும் ஏச்சுக்கு அஞ்சுவதாலுமே என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

"ஒருத்தியைச் சேர்த்தால் மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே" என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் ஒன்று கேட்கின்றோம்: இதற்குக் காரணமானவன் மாணவனாயின், அவன் வழமைபோல் பரீட்சை எழுதுகின்றான், வளர்ந்தவனாயின், வழமைபோல் வேலைக்குப் போகின்றான். அவனால் கெடாத ஊர் அவளால் எப்படிக் கெடும்? மேலும், படிப்பற்ற தாயின் வறுமை அவளோடு நில்லாது. மடியிலிருக்கும் மகவையும் பற்றும்.

நாம் செய்யக்கூடியவை சில உள. முதலாவது, கோயில் வீதியிலும் கலியாண மண்டபத்திலும் இக்கதையை வாயிலெடாதிருத்தல். பிள்ளையின் பெயரைக் காப்பதே முதல் உதவி. இரண்டாவது, பெற்றோர் தனியே அதிபர்முன் தலைகுனிந்து நிற்கவிடாது, நம்மில் மூத்தவர் ஒருவர் கூடச் செல்லல். மூன்றாவது, பாடசாலைக்குத் திரும்ப இயலாதவள் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ரியூசன் வகுப்புக்களுக்குக் குறைவில்லை. வகுப்புக்குப் போகக் கூசுபவளுக்கு, நம் சங்கத்துப் பட்டதாரிச் சகோதரிகள் வீட்டிற்சென்று கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கலாம். நான்காவது, அம்மம்மா களைத்த வேளையில் இரண்டு மணித்தியாலம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அயல்வீட்டு மாமி முன்வரலாம். பிள்ளைக்குக் கொடுமை நேர்ந்ததென்று அறிந்தால், மூடிமறையாது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்தல் நம் கடமை.

இளைஞர்களே, பெண்ணின் ஒழுக்கத்தைப்பற்றி மட்டும் பேசிப் பழகிய நாம், ஆணின் பொறுப்பைப்பற்றியும் பேசக் கற்போமாக. பெரியோர்களே, அடுத்த வருடம் ஒரு பிள்ளையாவது மீண்டும் புத்தகத்தைக் கையிலெடுப்பாளாயின், அது இச்சங்கத்தின் ஆண்டறிக்கையில் பெயர் குறிக்கப்படாத பெருஞ்சாதனையாக இருக்கும். அதற்கு உங்கள் ஆசியையும் ஒத்துழைப்பையும் வேண்டி நிற்கின்றோம்.