கணிப்பில் ஒரு விடை, வாக்குச்சீட்டில் வேறு விடை

  பருவநிலை மாற்றம் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே இன்றைய கருத்தரங்கின் பொருள். அதற்கு முதலில் பார்க்க வேண்டிய நாடு சுவிட்சர்லாந்து. அங்கே கருத்துக் கணிப்போடு கதை முடிவதில்லை. சட்டத்துக்கே மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள்.

2021 ஜூன் 13 அன்று, உமிழ்வைக் குறைப்பதற்கான கரியமில வாயுச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. அரசும் நாடாளுமன்றப் பெரும்பான்மையும் ஆதரித்தன. ஆல்ப்ஸ் பனியாறுகள் கண்ணெதிரே கரையும் நாட்டில் விஷயம் புரியாதவர்கள் குறைவு. ஆனாலும் 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பெட்ரோல் லிட்டருக்கு 12 ராப்பன் (0.12 பிராங்க்) வரை ஏறலாம், விமான டிக்கெட்டுக்கு 30 முதல் 120 பிராங்க் வரை கட்டணம் வரும் என்று சட்டத்தில் இருந்தது. எதிர்த்தவர்கள் அந்தச் செலவைத்தான் முன்னிறுத்தினார்கள். பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான முன்மொழிவுகளும் அதே நாளில் வாக்கெடுப்பில் இருந்தன. அவற்றைத் தோற்கடிக்கத் திரண்ட கிராமப்புற வாக்கில் பெரும்பங்கு இந்தச் சட்டத்துக்கும் எதிராக விழுந்தது.

இரண்டே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் சட்டத்துக்கு 2023 ஜூன் 18 அன்று 59.1 சதவீத ஆதரவு கிடைத்தது. 2022இல் மட்டும் பனியாறுகள் தம் பனியில் ஏறக்குறைய 6 சதவீதத்தை இழந்திருந்தன. அது மனதைத் தொட்டிருக்கலாம். ஆனால் சட்டத்தின் அமைப்பும் வேறு. புது வரி இல்லை. எண்ணெயிலும் எரிவாயுவிலும் இயங்கும் பழைய வீட்டுச் சூடேற்றிகளை மாற்றுவதற்குப் பத்தாண்டுகளில் 200 கோடி பிராங்க் மானியம்.

மாறியது மக்கள் மனமா, அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வியா?

2024இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வந்த ஆய்வு இன்னொரு முடிச்சைக் காட்டுகிறது. 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் கேட்டார்கள். புவி வெப்பமாதலைத் தடுக்க மாத வருமானத்தில் 1 சதவீதம் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். தம் நாட்டில் எத்தனை பேர் அப்படித் தருவார்கள் என்று ஊகிக்கச் சொன்னபோது சராசரி விடை 43 சதவீதம்தான். பக்கத்து வீட்டுக்காரர் தரமாட்டார் என்று நினைப்பவரின் கையும் பையை விட்டு எளிதில் வெளியே வராது.

இந்தியாவில் கேள்வி கேட்பதே தனிச் சிக்கல். யேல் பல்கலைக்கழகமும் கருத்துக் கணிப்பு நிறுவனமான சிவோட்டரும் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். சிறு விளக்கம் சொல்லிவிட்டுக் கேட்டதும், அது நடக்கிறது என்றவர்கள் 84 சதவீதம்.

ஆகவே, இந்த அமர்வுகளில் சதவீதம் சொல்லும் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வியையும் முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும்: செலவு யாருக்கு, எவ்வளவு, பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பவை அதில் இருந்தனவா? முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.