முற்றுப்பெறாத தோம்பு
(வெள்ளவத்தைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சித்திரத்தைப் பற்றிப் பேச நியாயவாதிக்கு என்ன உரித்து என்று உங்களிற் சிலர் வினவலாம். உறுதிகளோடு மாரடிக்கும் தொழில் என்னுடையது. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட நூலும் ஓர் உறுதிக்கட்டே. 1969இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து, டில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பித்த ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ அது.

தோம்பு என்றாற் கமக்காரருக்கு விளக்கம் வேண்டியதில்லை. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் வரி அறவிட எழுதிவைத்த காணி இடாப்பு. ஆள வந்தவன் எழுதினான். ஆளப்பட்டவன் பெயர் கொடுத்தான். சனாதனனோ எழுதுகோலை வீடிழந்தவர் கையிலேயே கொடுத்துவிட்டார். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் விட்டுவந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரைந்தனர். அவற்றைக் கட்டடக் கலைஞரின் முறையிலும் வரைவித்து, பக்கத்திலே தமது சித்திரத்தையும் சேர்த்தார் ஓவியர். எரியுண்டு மீண்டெழுந்த யாழ்ப்பாண நூலகத்திலே 2004இல் மக்களின் பொருள்களைத் திரட்டிக் காட்சி அமைத்தவரும் இவரே.

நமது உறுதி என்ன சொல்லும்? இத்தனை பரப்பு, இத்தனை குழி, நாற்றிசை எல்லை, கிணற்றிற் பங்கு. அத்துடன் முடிந்தது. நினைவிலிருந்து வரைந்த படத்தில் அளவு பிழைக்கும். அறை பெருக்கும், முற்றம் சுருங்கும். நில அளவையாளர் சிரிப்பார். ஆனால் குறுக்கு விசாரணை செய்து பழகியவன் சிரிக்கமாட்டான். உறுதியை மனனம் செய்துவந்த பொய்ச்சாட்சி எல்லைகளைத் தவறாமல் ஒப்புவிப்பான். அடுக்களைக் கதவு எப்பக்கம் திறக்கும் என்று கேட்டால் விழிப்பான்.

1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, பத்தாண்டு தடையின்றி ஆண்டவன் பிறர் காணிக்கு உரித்துக் கோரலாம். போரினால் நீதிமன்றம் ஏற இயலாதோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் கொள்ளாதிருக்க 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் வழக்கிடுபவனுக்கு ஆதாரம் வேண்டுமே! உறுதி தொலைந்தாற் காணிப் பதிவகத்திலே பிரதி எடுக்கலாம், ஏடு தப்பியிருந்தால். சாட்சிகளோ கனடாவிலும் இலண்டனிலும் முதுமையடைகின்றனர்.

அந்நூல் வடக்கின் வீடுகளோடு நிற்கிறது. 1983 யூலையில் எரிந்த வெள்ளவத்தை வீடுகளையும் கொட்டாஞ்சேனை வீடுகளையும் யார் வரைவது? இச்சபையில் அவ்வீடுகளில் வாழ்ந்தோர் இருக்கிறீர்கள். வாயிலருகே மேசையிலே தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். ஒழுங்கையின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் மறவாது குறியுங்கள்.